சுரங்கத்துக்கு அடியில் முட்டும் தண்ணீர்... எக்ஸெல் கட்டத்தில் பிடிக்கலாமா? நெய்வேலி சொல்லித்தரும் சிமுலேஷன் பாடம்!

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளரும் பிள்ளைகளுக்குச் சில விஷயங்கள் அதிசயமே இல்லை. வட்டம் வட்டமாகப் பிரித்த குடியிருப்பு, நிழல் தரும் சாலைகள், ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பா, வருஷா வருஷம் வரும் புத்தகக் கண்காட்சி. அந்தப் பட்டியலில் இன்னொன்றும் உண்டு. சுரங்கத்தைச் சுற்றி ராத்திரி பகல் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் பம்புகள்.

'பள்ளம் தோண்டினால் தண்ணீர் ஊறும், அதை இறைக்கிறார்கள்' என்றுதான் வெளியூரில் இருந்து வருபவர்கள் நினைப்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் பிளஸ் டூ இயற்பியல், கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றும் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. அறிவியல் மாணவர்களுக்கு 'மாடல் போடுவது', 'சிமுலேஷன் செய்வது' என்றால் என்ன என்று கற்றுத்தர இதைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் கிடைப்பது கஷ்டம்.

கீழே இருந்து மேலே தள்ளும் தண்ணீர்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி மேலாக்கக் கிடைப்பதில்லை. இடத்துக்கு இடம் 45 மீட்டர் முதல் 100 மீட்டர் வரை மண்ணும் மணற்கல்லும் மூடிக்கிடக்கின்றன. அதற்குக் கீழேதான் நிலக்கரிப் படலம். அந்தப் படலத்துக்கும் கீழே, தண்ணீர் நிறைந்த மணல் அடுக்கு. மேலே களிமண் மூடி போட்டதுபோல் இறுகியிருப்பதால், அந்தத் தண்ணீர் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. துளை போட்டால் தானாகவே பீறிட்டு மேலே வரும். இதைத்தான் ஆர்ட்டீசியன் ஊற்று என்கிறார்கள்.

எவ்வளவு அழுத்தம்? சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ என்று நெய்வேலி பற்றிய நூல்கள் சொல்கின்றன. கட்டைவிரல் நகத்தின் அளவு இடத்தை, கீழே இருந்து ஏழு கிலோ அரிசிப் பை தள்ளுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னக் கோலம் போடும் இடத்துக்கு, அதாவது ஒரு சதுர மீட்டருக்கு, 70 டன்! ஐந்து டன் யானைகள் பதினான்கு ஒன்றுமேல் ஒன்றாக நின்றால் வரும் எடை அது. இங்கே யானைகள் தலைகீழாக, கீழே இருந்து மேலே தள்ளுகின்றன.

அப்படியானால் நெய்வேலி ஏன் பொத்துக்கொண்டு கிளம்பவில்லை? மேலே இருக்கும் மண்ணின் எடைதான் காரணம். இங்கே ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டால், முதல் மாடல் தயார்.

மண் 80 மீட்டர் தடிமன் என்று வைப்போம். ஒரு கன மீட்டர் மண் தோராயமாக 2 டன். ஆக, ஒரு சதுர மீட்டர்மேல் 160 டன். நிலக்கரி 15 மீட்டர், கன மீட்டருக்கு 1.2 டன் என்றால் 18 டன். மொத்தம் 178 டன் கீழ்நோக்கி அழுத்துகிறது. மேல்நோக்கித் தள்ளுவது 70 டன். பிரச்னையே இல்லை.

இப்போது இயந்திரம் மண்ணை அள்ள ஆரம்பிக்கிறது. 160 டன் குறைந்துகொண்டே வருகிறது. எப்போது ஆபத்து? மிச்சமிருக்கும் மண்ணும் நிலக்கரியும் சேர்ந்து 70 டன்னைத் தொடும்போது. 70-இல் இருந்து 18-ஐக் கழித்தால் 52. அதை 2-ஆல் வகுத்தால் 26. நிலக்கரிக்கு மேல் இன்னும் 26 மீட்டர் மண் இருக்கும்போதே தராசு சமமாகிவிடுகிறது! அதற்கு மேல் ஒரு மீட்டர் தோண்டினாலும் அடித்தளம் மேலே கிளம்பக்கூடும். நிலக்கரியையே இன்னும் கண்ணால் பார்க்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

அதனால்தான் அந்த பம்புகள். சுரங்கத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறு போட்டு, கீழ் அடுக்கின் அழுத்தத்தை முன்கூட்டியே இறக்குகிறார்கள். ஊறிய தண்ணீரை இறைப்பது அதில் ஒரு பகுதி. முக்கியமான வேலை, தரையைத் தரையாகவே வைத்திருப்பது. மேலே இருக்கும் மண்ணை முழுதாக எடுத்துவிட்டால் 18 டன்தான் மிச்சம். 70 டன் அழுத்தத்தை 18-க்குக் கொண்டுவர, நீர்மட்டத்தை 52 மீட்டர் இறக்க வேண்டும். நிலக்கரியையும் அள்ளிவிட்டால் அந்த 18-ம் போய்விடும்.

இது ரொம்ப எளிமையான கணக்கு. நிஜத்தில் பொறியாளர்கள் பாதுகாப்புக்கு இன்னும் நிறைய இடம் விடுவார்கள், மண்ணின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் ஒன்பதாம் வகுப்பில் படித்த 'அழுத்தம் = விசை / பரப்பு' என்கிற ஒற்றை வரி, ஓர் ஊரையே தாங்கிக்கொண்டிருப்பது இதில் தெரிகிறது.

1935... இரண்டு கிணறுகளின் கதை

நெய்வேலியில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஜம்புலிங்க முதலியார். 1930-களின் நடுவில் தன் நிலத்தில் அவர் கிணற்றுக்குத் துளை போட்டபோது, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதில்தான் இந்த ஊரின் கதை தொடங்குகிறது. 1956-இல் நிறுவனம் உருவானது. 1957 மே 20 அன்று அன்றைய பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரி கண்ணில் பட்டது. அடுத்த வருஷமே மின்சாரம்.

அதே 1935-இல் அமெரிக்காவில் சார்லஸ் தீஸ் என்ற நிலத்தடி நீர் ஆய்வாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கிணற்றில் பம்ப் போட்டு இறைத்தால், சுற்றுவட்டாரத்தில் நீர்மட்டம் எத்தனை நாளில், எவ்வளவு தூரத்துக்கு, எவ்வளவு இறங்கும் என்று கணக்கிடும் சூத்திரம் அது. சுவாரஸ்யம் என்னவென்றால், அவர் அதைத் தண்ணீரில் இருந்து எடுக்கவில்லை. உலோகத்தில் வெப்பம் பரவும் சமன்பாட்டில் இருந்து எடுத்தார். கணிதம் தெரிந்த நண்பர் ஒருவர் உதவினார்.

தோசைக்கல் நடுவில் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும்? நடுவில் சூடு குறையும். அந்தக் குறைவு மெள்ள ஓரத்துக்குப் பரவும். சூட்டுக்குப் பதில் நீர்மட்டம், தெளித்த இடத்துக்குப் பதில் பம்ப் என்று மாற்றிப் படித்தால் அதுதான் நிலத்தடி நீர். 'இதுவும் அதுவும் ஒரே சமன்பாடு' என்று ஒரு மாணவர் தானாகக் கண்டுபிடிக்கும் அந்த நிமிஷம்தான் மாடலிங் வகுப்பின் உயிர். நம் பாடப்புத்தகத்தில் வெப்பம் ஓர் அத்தியாயம், பாய்மம் இன்னோர் அத்தியாயம். நடுவே கதவே இல்லை.

ஏழு கட்டத்தில் ஒரு நெய்வேலி

தீஸின் சூத்திரம் கொஞ்சம் கனமானது. அதைத் தொடாமலேயே சிமுலேஷன் செய்ய வழி இருக்கிறது. மொபைலில் கூகுள் ஷீட்ஸ் இருந்தால் போதும்.

ஒரே வரிசையில் ஏழு கட்டங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இடது கடைசிக் கட்டம், மேற்கே மழைநீர் பூமிக்குள் இறங்கும் மேட்டுப் பகுதி. அங்கே நீர்மட்டம் 40 மீட்டர். வலது கடைசிக் கட்டம் கடல். அங்கே 0. நடுவில், நான்காவது கட்டம் சுரங்கம். அங்கே பம்ப் போட்டு மட்டத்தை மைனஸ் 50-இல் பிடித்து வைத்திருக்கிறோம். எண்கள் எல்லாம் பாடத்துக்காக வைத்துக்கொண்டவை.

மற்ற நான்கு கட்டங்களுக்கும் ஒரே விதிதான்: 'என் மதிப்பு, எனக்கு இடப்பக்கம் இருப்பதும் வலப்பக்கம் இருப்பதும் சேர்ந்த சராசரி.' நிலைபெற்ற நீரோட்டத்தின் சமன்பாட்டைக் கட்டம் கட்டமாக வெட்டினால் கிடைப்பது இவ்வளவுதான்.

முதலில் எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் போடுங்கள். இரண்டாவது கட்டம்: 40-க்கும் 0-க்கும் சராசரி 20. மூன்றாவது: 20-க்கும் மைனஸ் 50-க்கும் சராசரி மைனஸ் 15. மறுபடி முதலில் இருந்து. இரண்டாவது 12.5 ஆகிறது, மூன்றாவது மைனஸ் 18.75. இன்னொரு சுற்று: 10.6, மைனஸ் 19.7. நாலைந்து சுற்றில் 10, மைனஸ் 20 என்று அசையாமல் நின்றுவிடும். கடல் பக்கத்தில் மைனஸ் 33.3, மைனஸ் 16.7.

(ஒரு சின்ன எச்சரிக்கை. எக்ஸெல்லிலோ ஷீட்ஸிலோ இதை எழுதினால், ஒரு கட்டம் இன்னொன்றையும் அது இதையும் பார்ப்பதால் 'வட்டமாகச் சுற்றுகிறது' என்று எர்ரர் காட்டும். செட்டிங்ஸில் 'ஐட்டரேட்டிவ் கால்குலேஷன்' என்பதை ஆன் செய்தால் சரியாகிவிடும்.)

இப்போது அந்த வரிசையைப் படியுங்கள். 40, 10, -20, -50, -33.3, -16.7, 0. தண்ணீர் உயரத்தில் இருந்து பள்ளத்துக்குப் போகும். மேற்கில் இருந்து சுரங்கத்துக்கு ஓடுகிறது, சரி. கிழக்கே? கடலில் 0, அதற்கு முந்தைய கட்டம் மைனஸ் 16.7. அப்படியென்றால் கடல் நீர் உள்ளே வருகிறது!

நெய்வேலியில் இருந்து கடலூர் கடற்கரை முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான். நிலத்தடி நீரில் உப்பு ஏறுகிறதா என்பது இந்த மாவட்டத்தின் விவசாயிகளுக்கும் ஆய்வாளர்களுக்கும் பழைய கவலை. ஏழு கட்டம் வைத்துக்கொண்டு ஒரு பிளஸ் டூ மாணவர் அந்தக் கவலையின் மையத்துக்கே வந்துவிட்டார். அப்படியே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டுவிடலாமா?

ஒரே ஓர் எண்... மொத்த முடிவும் தலைகீழ்!

கொஞ்சம் பொறுங்கள். இந்த மாடலில் மழை எங்கே?

கடல் பக்கத்தில் இருக்கும் இரண்டு கட்டங்களுக்கு மட்டும் விதியை மாற்றிப் பார்ப்போம். 'சராசரியோடு 20-ஐக் கூட்டு.' வானத்தில் இருந்தோ, ஏரியில் இருந்தோ, வாய்க்காலில் இருந்தோ பூமிக்குள் இறங்கும் நீருக்கு அந்த 20. மறுபடி சுற்றவிட்டால், ஐந்தாவது கட்டம் 6.7 ஆகிறது. ஆறாவது கட்டம் 23.3. கடல் அதே 0.

இப்போது தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? 23.3-இல் இருந்து 0-க்கு. கடலை நோக்கி! சுரங்கம் அதே சுரங்கம், கடல் அதே கடல், பம்ப் அதே பம்ப். ஓர் எண்ணை மாற்றியதும் 'உப்புநீர் வருகிறது' என்பது 'வரவில்லை' என்றாகிவிட்டது.

எது உண்மை? கம்ப்யூட்டர் சொல்லாது. மேலே களிமண் மூடி முழுதாக இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, மழை எந்த இடத்தில் எவ்வளவு இறங்குகிறது, மணல் அடுக்கு ஒன்றா இரண்டா, சுற்றுவட்டாரத்தில் வேறு யார் யார் இறைக்கிறார்கள் என்பதை எல்லாம் களத்தில் போய் அளந்துதான் சொல்ல முடியும். சிமுலேஷனை நன்றாகக் கற்றுத்தரும் வகுப்புக்கும், கம்ப்யூட்டர் ஸ்கிரீனைக் காட்டி 'வாவ்' சொல்லவைக்கும் வகுப்புக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. முதல் வகுப்பில் மாணவர் அந்த 20-ஐப் பற்றிக் கேள்வி கேட்பார். இரண்டாவதில் கலர் படத்தை மட்டும் ரசிப்பார்.

இது வெறும் படிப்பு விஷயமும் இல்லை. நெய்வேலிச் சுரங்க நீர் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாக வயல்களுக்குப் போகிறது. வீராணம் வறண்ட காலத்தில் சென்னைக்குக் குழாயில் போன தண்ணீரில் நெய்வேலிச் சுரங்க நீரும், இந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளின் நீரும் உண்டு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கி, பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டியபோது எழுந்த கொந்தளிப்பு பலருக்கும் நினைவிருக்கும். ஒரே வகுப்பறையில், அப்பா சுரங்கத்தில் வேலை பார்க்கும் பிள்ளையும் பக்கத்து பெஞ்சில் நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. நாளைக்கு 'எங்கள் ஆய்வு இப்படிச் சொல்கிறது' என்று யார் அறிக்கை வைத்தாலும், 'உங்க மாடல்ல மழைக்கு என்ன எண் போட்டீங்க?' என்று கேட்கத் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் இருந்தால், பேச்சின் போக்கே மாறும்.

நிபுணர்களுக்கும் சறுக்கும்

பெரியவர்கள் பயன்படுத்தும் நிஜ மென்பொருளும் இதே கட்டம் கட்டும் வேலையைத்தான் செய்கிறது. 'மாட்ஃப்ளோ' என்று பெயர். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறைக்காக மெக்டொனால்டு, ஹார்பா என்ற இருவர் எழுதி 1984-இல் வெளியானது. இலவசம். ஏழு கட்டத்துக்குப் பதில் ஆயிரக்கணக்கான கட்டங்கள், அதுவும் அடுக்கடுக்காக. நெய்வேலி நிலத்தடி நீருக்கும் ஆய்வாளர்கள் இதுபோன்ற கணினி மாடல்களைப் போட்டிருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் பரவலாகும் முன்பு இதை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? மின்தடைகளையும் மின்தேக்கிகளையும் பலகை முழுக்க வலைபோல் சாலிடர் செய்து, தண்ணீருக்குப் பதில் மின்சாரத்தை ஓடவிட்டார்கள். வோல்டேஜை அளந்தால் அது நீர்மட்டம்! அமெரிக்காவின் அரிசோனாவில் 1960-களில் அப்படி ஒரு மின்பலகை மாடல் வைத்து, அடுத்த பத்து வருஷத்தில் நீர்மட்டம் எங்கெங்கே எவ்வளவு இறங்கும் என்று கணித்தார்கள். பிறகு லெனார்டு கோனிகோவ் என்ற ஆய்வாளர் பழைய கணிப்பையும் நிஜ அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நீர்மட்டம் பெரும்பாலும் கணித்த அளவுக்கு இறங்கவே இல்லை. வருங்காலத்தில் மக்கள் எவ்வளவு இறைப்பார்கள் என்று வைத்த ஊகம் தப்பிப்போனதும் அதற்கு ஒரு காரணம்.

1992-இல் அதே கோனிகோவும் ஜான் பிரெடஹோஃப்ட்டும் சேர்ந்து, 'நிலத்தடி நீர் மாடல் சரி என்று நிரூபிக்கவே முடியாது. தப்பு என்று மட்டும்தான் காட்ட முடியும்' என்ற கருத்தில் கட்டுரை எழுதினார்கள். தங்கள் தொழிலையே கேள்வி கேட்ட கட்டுரை! நம் ஊர் பிராக்டிகல் நோட்டை நினைத்துப் பாருங்கள். விடை 9.8 வர வேண்டும் என்று முன்பே தெரிந்துவிட்டால், ரீடிங் எல்லாம் அதற்கு ஏற்றபடி 'வந்துவிடும்'. அந்தப் பழக்கத்தோடு மாடலிங் பக்கம் வந்தால் ஆபத்துதான்.

சென்னையில் கையால் போட்ட கணக்கு

'இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம்' என்று நினைக்க வேண்டாம். 1963-இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்கலாம், எதில் மடங்க முடியாது என்பதுதான் கேள்வி. அணுக்களைக் கெட்டியான கோலிக்குண்டுகள் என்று வைத்துக்கொண்டார்கள். இரண்டு கோணங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் குண்டுகள் ஒன்றோடு ஒன்று மோதுகின்றனவா என்று கணக்கிட்டார்கள். கம்ப்யூட்டர் வசதி இல்லை. மேசைக் கால்குலேட்டரில், நாள் கணக்கில்.

மோதாத இடங்களைக் கிராஃபில் புள்ளி வைத்தால் கிடைப்பதுதான் 'ராமச்சந்திரன் வரைபடம்'. இன்றைக்கும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், அது நம்பத்தகுந்ததா என்று பார்க்க இந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அவர்கள் போட்ட கணக்கை இன்று ஒரு காலேஜ் மாணவர் பைத்தானில் எழுதினால் சில விநாடிகளில் முடியும். 'அணுவைக் கோலிக்குண்டு என்று வைத்துக்கொள்ளலாம்' என்று முடிவெடுத்த துணிச்சலை எந்த மென்பொருளும் தராது. அதை வகுப்பில்தான் பழக வேண்டும்.

கொரோனா நாள்களில் தினமும் டிவியில் பேசப்பட்ட தொற்றுப் பரவல் கணக்குக்கும் இந்தியத் தொடர்பு உண்டு. 1927-இல் அதை எழுதிய இருவரில் ஒருவரான மெக்கெண்ட்ரிக், இங்கே கசௌலியில் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் பணியாற்றியவர். மற்றவரான கெர்மாக், பார்வை இழந்த வேதியியலாளர். தங்கள் மாடலை அவர்கள் உரசிப்பார்த்தது, 1905-06-இல் பம்பாயில் பிளேக்கால் இறந்தவர்களின் வாராந்தரக் கணக்கோடு.

பயாலஜிக்குப் பைத்தான் இல்லை, பைத்தானுக்குப் பயாலஜி இல்லை!

நம் பள்ளிகளில் நிலைமை என்ன? தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு கம்ப்யூட்டர் சயின்ஸில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான். கிராஃப் வரைவதுகூட அதில் ஒரு பாடமாக இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் முதல் குரூப்பில் பயாலஜி எடுத்தவருக்குப் பெரும்பாலும் பைத்தான் கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவருக்குப் பயாலஜி கிடையாது. இரண்டு பேருக்கும் பொதுவான இயற்பியல் ஆய்வகத்தில் ஊசல் இருக்கிறது, ஸ்க்ரூகேஜ் இருக்கிறது, கம்ப்யூட்டரோ வேறு அறையில், வேறு டீச்சரிடம், வேறு பீரியடில் இருக்கிறது. பைத்தானில் மதிப்பெண் பட்டியல் போடத் தெரிந்த பிள்ளைக்கு, அதே பைத்தானில் ஊசலை ஆட்டிப்பார்க்கலாம் என்று தோன்றுவதே இல்லை. அது பிள்ளையின் குறை அல்ல.

கல்லூரியில் எண்முறைக் கணக்குகள் வருகின்றன. வந்தாலும், புரோகிராமை மனப்பாடம் செய்து விடைத்தாளில் கையால் எழுதும் கொடுமை பல இடங்களில் தொடர்கிறது. ஓடாத புரோகிராமுக்கு முழு மதிப்பெண் கிடைக்கும் ஒரே இடம் பரீட்சை ஹால்தான்!

இத்தனைக்கும் கருவிகளுக்குப் பஞ்சமே இல்லை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' சிமுலேஷன்கள் மொபைல் பிரவுசரிலேயே ஓடும், காசு கிடையாது. ஐ.ஐ.டி-கள் சேர்ந்து நடத்தும் 'விர்ச்சுவல் லேப்ஸ்' இருக்கிறது. ஐ.ஐ.டி பாம்பேயின் 'ஸ்போக்கன் டுடோரியல்' தளத்தில் மென்பொருள் பாடங்களைத் தமிழிலேயே கேட்கலாம். 'நெட்லோகோ' என்ற இலவச மென்பொருளில் ஆடு-ஓநாய் கூட்டம் பெருகுவதையும் குறைவதையும் ஓடவிட்டுப் பார்க்கலாம். ஆனால் இவற்றில் பல, வேறு யாரோ கட்டிமுடித்த வீடுகள். சுற்றிப்பார்க்கலாம். செங்கல் எடுத்துவைத்துப் பழக, நாமே எழுதும் ஏழு கட்டம்தான் லாயக்கு.

புளியங்கொட்டையும் ஒரு சிமுலேஷன்தான்

கம்ப்யூட்டரே இல்லாத வீட்டிலும் ஆரம்பிக்கலாம். தாயம் ஆட, புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைத் தரையில் உரசி வெள்ளையாக்குவார்களே, அதுபோல நூறு கொட்டைகள் தயார் செய்யுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு மத்தியான வேலை ஆச்சு. நூறையும் குலுக்கிக் கொட்டுங்கள். வெள்ளை தெரியும் கொட்டைகள் 'சிதைந்துவிட்ட அணுக்கள்' என்று தள்ளிவையுங்கள். மிச்சத்தை எண்ணி எழுதுங்கள். மறுபடி குலுக்குங்கள். ஏழெட்டுச் சுற்றில் கிட்டத்தட்ட தீர்ந்துவிடும். எண்ணிக்கையை கிராஃபில் போட்டால், கதிரியக்கச் சிதைவின் வளைகோடு அப்படியே வரும். எந்தக் கொட்டை எப்போது சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கூட்டமாக எப்படிக் குறையும் என்று சொல்லிவிடலாம்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. காசு என்றால் பூவா தலையா சரிபாதி. புளியங்கொட்டை அப்படி விழாது. உரசிய பக்கம் தட்டை, மறுபக்கம் உப்பல். அதனால் எந்தப் பக்கம் எத்தனை முறை விழுகிறது என்று முதலில் எண்ணிப் பார்த்தாக வேண்டும். பக்கத்து வீட்டுக் கொட்டைக்கு வேறு எண் வரும். புத்தகத்தில் இருக்கும் 'பாதி' என்ற எண்ணை வைத்துக் கணக்குப் போட்ட பிள்ளையின் கோடு ஒரு பக்கம் போகும், உண்மையில் கிடைத்த புள்ளிகள் இன்னொரு பக்கம் நிற்கும். நெய்வேலி மாடலில் மழைக்குப் போட்ட அந்த 20-ம் இதே ஜாதிதான்.

அந்த 20-ஐ ஊகிப்பதற்குப் பதில் அளக்க ஆரம்பிக்கலாம். அதற்கும் ஆய்வகம் வேண்டாம். தெருவில் பயன்பாட்டில் இருக்கும் ஒரு திறந்த கிணறு, மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு, முனையில் ஒரு கல், கூடவே நிற்கப் பெரியவர் ஒருவர். வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம், பம்ப் போடுவதற்கு முன்பாகக் கல்லை இறக்கி, தண்ணீரைத் தொடும் ஆழத்தை எழுத வேண்டும். பக்கத்திலேயே அந்த வாரம் பெய்த மழையையும், சுற்றுவட்டாரத்தில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் எழுதலாம். திறந்த கிணறு காட்டுவது மேல் அடுக்கின் நீரைத்தான், சுரங்கத்துக்கு அடியில் முட்டும் தண்ணீரை அல்ல என்பதையும் நோட்டின் முதல் பக்கத்தில் குறித்துவைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே முதல் வரியை எழுதிவிட்டால், பொங்கலுக்குள் கட்டத்தில் போட ஒரு நிஜ எண் கையில் இருக்கும்.